பின்னால் வருகிறவனுக்கும் ஒரு விளக்கு



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். போன வருஷ மலரில் நிலாவைப் பற்றியே ஏழு கவிதை இருந்தது. எட்டாவதாக நானும் எதற்கு? எனக்குத் தெரிந்த வெளிச்சம் வேறு. அது எங்கள் மாமாவின் லாரி ஹெட்லைட். அதைப் பற்றியே எழுதுகிறேன். கொஞ்சம் வயரும் ஃபியூஸும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த ஒரு தப்பையும் இதில் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வீடு சேரன்மகாதேவியில். 1997-ல் பதிவான ஆறு சக்கர லாரி ஒன்றை நாலாவது கையாக வாங்கி, அவரே ஓட்டுகிறார். களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி, செங்கோட்டை என்று போய், புளியரையில் மலையேறி, கோட்டைவாசலைத் தாண்டி கேரளாவுக்குள் இறங்குவார். காலைச் சந்தைக்குத் தார் போய்ச் சேரவேண்டும் என்பதால் ஓட்டமெல்லாம் ராத்திரிதான். ஓணத்துக்கு முந்தின பத்து நாளில் மாமாவுக்குத் தூக்கமே கிடையாது.

வண்டி பழசு என்றாலும் இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. லைட்டுதான் மோசம். ஹெட்லைட் போட்டால் பழுத்த பப்பாளி நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும். எதிரே வருகிறவன், ஏதோ வண்டி பார்க் லைட்டில் வருகிறது என்றுதான் நினைப்பான். பின்பக்கம் கேட்கவே வேண்டாம். இடது டெயில் லைட் மழை பெய்தால் எரியாது. வலது டெயில் லைட் மழை பெய்யாவிட்டாலும் எரியாது. எஃப்.சி.க்குப் போகும்போது மட்டும் ஏதாவது ஒட்டுப்போட்டு எரிய வைப்பார்கள். அடுத்த மழைக்கு அது போய்விடும். பின் பலகையில் ‘ஒலி எழுப்பவும்’, ‘இரவில் டிம் செய்யவும்’ என்று பெயின்டர் அழகாக எழுதியிருந்தார். ராத்திரியில் அதைப் படிக்கத்தான் வழியில்லை.

போன ஆவணி மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா கேட்டார்: “ஏ மருமவனே, மூணு வருசமா ஆட்டோமொபைல் படிக்கேங்கியே, இந்த லைட்ட கொஞ்சம் கூட்டித் தாயேன். கண்ணு முன்ன மாதிரி இல்லடே.”

அது எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர் நண்பர்களே! செமஸ்டரில் எலக்ட்ரிக்கல் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியிருந்த திமிர் வேறு. அன்றைக்கே திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். வண்டியில் இருந்தது 24 வோல்ட், 75/70 வாட் ஹாலோஜன் பல்பு. கடைக்காரரிடம் 100/90 வாட் பல்பு இரண்டு கேட்டு வாங்கினேன். அது ரோட்டில் ஓட்ட அனுமதித்த அளவைத் தாண்டியது என்பதையும், எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. வாட் கூடினால் வெளிச்சம் கூடும். அவ்வளவுதான் என் கணக்கு. பழைய பல்பைக் கழற்றினேன், புதுசை மாட்டினேன், பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது.

முதல் மூன்று நடை மாமாவுக்கு ஒரே குஷி. “பகல் மாதிரில்லா இருக்கு!” என்றார். டீக்கடையில் நிற்பவரிடமெல்லாம், “எங்க அக்கா மவன் போட்டுத் தந்தது. டிப்ளமா படிக்கான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது.

நாலாவது நடைக்கு நானும் கூடப் போனேன், என் கைவேலையை நானே பார்க்க வேண்டாமா? வண்டி நிறைய ஏத்தன் தார். ராத்திரி பதினொன்றரை மணிக்குப் புளியரை தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தோம். குற்றாலத்துச் சாரல் அங்கேயும் பிடித்திருந்தது. இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு போகிறது. திடீரென்று பிளாஸ்டிக் கருகுகிற வாடை. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்து புகை. மாமா ‘என்னலே இது’ என்று கேட்பதற்குள் ஹெட்லைட் இரண்டும் அணைந்துவிட்டது. பார்க் லைட்டும் போயிற்று. மலையில், மழையில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், முன்னால் ஒன்றுமே இல்லை. இருட்டு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமா பதறவில்லை. இடது பக்கம் பாறையை ஒட்டி மெல்ல நிறுத்தினார். கிளீனர் பையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். நான் லைட் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. சுவிட்ச் உருகிப் போயிருந்தது. டெயில் லைட்டுக்குப் போகிற கரண்டும் அதே சுவிட்ச் வழியாகத்தான். இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் அது எரிகிறதா என்று எங்களுக்கே தெரியாது. மாமா சிவப்புத் துண்டையும் செல்போனையும் கிளீனர் கையில் கொடுத்து, “பின்னால ஓடு, வளைவு வரைக்கும் போய் நில்லு” என்றார்.

அவன் இருபது எட்டு வைத்திருக்க மாட்டான். வளைவில் ஒரு பைக் வந்துவிட்டது.

பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தகரம் ரோட்டில் இழுபடுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பைக் சரிந்து வந்து அதன் முன்சக்கரம் எங்கள் வண்டியின் பின்பலகைக்கு அடியில் நுழைந்து கிடக்கிறது. ஒரு மனிதர், அவர் மனைவி, நடுவில் நாலு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை. மெதுவாக வந்ததும், சாலை ஏற்றமாக இருந்ததும் அவர்களைக் காப்பாற்றியது. குழந்தைக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவருக்கு முட்டியில் ரத்தம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் குழந்தையின் ஒற்றைச் செருப்பை ரோட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் எங்களை அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மாமாவைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, வண்டி நிக்குதுன்னு காட்ட ஒரு சின்ன வெளிச்சம் இருந்தா போதுமேண்ணே.”

பின்னால் வந்த ஜீப்பில் அவர்களை ஏற்றிச் செங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாமா அவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். பயப்பட ஒன்றுமில்லை, சிராய்ப்புதான் என்று விடியற்காலையில் போன் வந்தது. அதுவரை மாமாவும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாறி மாறிப் பின்னால் போய் செல்போன் டார்ச்சைக் காட்டிக்கொண்டு நின்றோம். நன்றாக விடிந்த பிறகுதான் வண்டியை எடுத்தோம். அன்றைக்குத் தாருக்குச் சந்தை விலை கிடைக்கவில்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பல்பு நல்ல பல்புதானலே? பெறவு ஏன் எரிஞ்சுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை நண்பர்களே. மூன்று வருஷப் படிப்பில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. இல்லை என்று சொல்லக்கூடாது. பதில் முதல் வருஷமே போர்டில் எழுதிப்போட்டதுதான். அதை நான் லாரியில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பேட்டையில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறை இருக்கிறது. வயசான அண்ணாச்சி. உருகின சுவிட்சை மாற்ற அங்கேதான் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, அணையில தண்ணி இருந்தா போதுமாடே? கால்வாய்ல அமலை அடைச்சுக் கிடந்தா கடைமடைக்கு எப்படி வரும்? நீ வயல மட்டும் பெருசாக்கிருக்கே.”

தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. பேட்டரிதான் அணை. பல்புதான் கடைமடை வயல். நடுவில் இருக்கிற வயர், சுவிட்ச், ஜாயின்ட், எர்த் எல்லாம் கால்வாய். நான் கால்வாயை ஏறிட்டே பார்க்கவில்லை.

அங்கேயும் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். பழைய 75/70 பல்பையே திரும்ப மாட்டுவதற்கு முன்னால், பல்பு கழன்றிருந்த சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் எவ்வளவோ அதே வோல்ட் காட்டியது. “அண்ணாச்சி, வயரிங் சரியாத்தான் இருக்கு” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “சுமை ஏத்தாம வண்டிக்கு எடை போடுதியே! பல்ப மாட்டி, எரியவிட்டுப் பாரு.”

ஓம் விதி என்ன சொல்கிறது? V = IR. கரண்ட் ஓடாவிட்டால் எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் வோல்டேஜ் இழப்பு பூஜ்யம்தான். மல்டிமீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. அதனால் கருகிப்போன ஜாயின்டும் மீட்டருக்கு நல்ல ஜாயின்டாகத்தான் தெரியும். பரீட்சையில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறேன். சாக்கெட் முன்னால் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை.

பல்பை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, டிம்மில் எரியவைத்து அளந்தோம். பேட்டரி பெட்டி கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் இருக்கிறது. அதனால் மீட்டரின் ஒரு முனைக்கு நீளமாக ஒரு வயரை ஒட்டுப்போட்டு இழுத்துக்கொண்டோம். பேட்டரியில் 27.6 வோல்ட். பல்பின் இரண்டு முனைக்கும் இடையில் 23.1 வோல்ட். 4.5 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது. எங்கே போயிற்று என்று ஒவ்வொரு துண்டாகப் பார்த்தோம். புது சுவிட்சில் 0.3. டிம்-பிரைட் சுவிட்சில் 1.1. வழியில் இருந்த ஜாயின்டுகளிலும் வயரிலுமாக 1.9. ஹெட்லைட்டின் எர்த் பக்கத்தில் 1.2. கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

4.5 வோல்ட்தானே என்று தோன்றும். இழை பல்பின் குணம் வேறு. அதன் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4 அடுக்கில் குறைகிறது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். எங்கள் வண்டியில் வோல்டேஜ் பதினாறு சதவீதம் குறைந்திருந்தது. வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பப்பாளி நிறத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. தொலைந்த வோல்டேஜ் சும்மா தொலைவதில்லை. 4.5 வோல்ட்டை சுமார் 6 ஆம்பியரோடு பெருக்கினால் 27 வாட். நம் லேபில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த அளவு சூடு ராத்திரி முழுக்க சுவிட்சிலும் ஜாயின்டிலும் எரிந்துகொண்டிருந்தது. நான் 100 வாட் பல்பைப் போட்டு கரண்டை மூன்றில் ஒரு பங்கு கூட்டினேன். சூடு கரண்டின் வர்க்கத்தில் கூடும். அதாவது ஏறக்குறைய 1.8 மடங்கு. பழைய சுவிட்ச் மூன்று நடை தாங்கியதே பெரிசு.

வண்டியை உருவாக்கியவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் போட்ட வயர் ஒரே நீளமாகத்தான் இருந்திருக்கும். ஹெட்லைட் வயரில் மட்டும் பதினான்கு ஒட்டு எண்ணினேன். எல்லாம் அவ்வப்போது அவசரத்துக்கு முறுக்கி டேப் சுற்றியது. ஒரு இடத்தில் டேப்புக்குப் பதில் சைக்கிள் டியூப். பாட்டுப் பெட்டிக்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் தனியாக இழுத்திருந்தார்கள். இப்படி இழுத்தால் ஒரு பேட்டரி எப்போதும் பாதிப் பட்டினியாகவே கிடக்கும், இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும். இரண்டும் சீக்கிரமே போகும்.

சரஸ்வதி பூஜை லீவில் வண்டி நாலு நாள் ஓட்டமில்லாமல் நின்றது. அந்த நாலு நாளில் வயரிங்கைப் புதுசாகப் போடுவது என்று முடிவு செய்தோம். அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க வந்து உட்கார்ந்து சொல்லித் தந்தார். மீதி நாள் நானும் கிளீனர் பையனும்தான். ஆயுத பூஜை அன்றைக்கு வண்டியின் முன்பக்கம் பாதி கழன்று கிடந்தது. அத்தை வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, ‘இதுவும் ஆயுதம்தானே’ என்று என் மல்டிமீட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

பட்டறையில் உதிரி சாமான் வாங்கும்போது அண்ணாச்சி ஒரு சேதி சொன்னார். மாமா தார் ஏற்றுகிற திருக்குறுங்குடியில்தான் 1877-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். 1911-ல் மதுரையில் அவர் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் வளர்ந்து, இங்கிலாந்தின் லூகாஸோடு சேர்ந்து 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். ஆயிற்று. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் என்று வண்டிகளின் மின்சார சாமான்களை இந்த நாட்டிலேயே செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. “வண்டிக் கரண்டுக்கும் நம்ம ஊருக்கும் சொந்தம் உண்டுடே. நீ என்னன்னா பல்ப மாத்துததோட நிறுத்திட்டே” என்றார்.

இனி வேலையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால் உதவும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். இதை மறந்தால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும். பிறகு ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலே என்ன செய்கிறது? கன்னடியன் கால்வாயில் மடைக்காரர் ஷட்டர் சக்கரத்தை மட்டும்தான் சுற்றுகிறார். தண்ணீரை அவர் தலையில் சுமப்பதில்லை. அதுபோல டிரைவர் கையில் இருக்கிற சுவிட்ச் இனிமேல் ரிலே காயிலுக்கு உண்டான சின்னக் கரண்டை மட்டும் கொடுத்தால் போதும். அது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான். பல்புக்குப் போகிற பெரிய கரண்ட் சுவிட்சுக்கு வராமல், பேட்டரியிலிருந்து நேராக ரிலே வழியாகப் போய்விடும்.

ரிலேயில் நாலு முனைக்கும் நம்பர் உண்டு. 86-ல் பழைய ஹெட்லைட் வயர். 85-ல் எர்த். 30-ல் பேட்டரியிலிருந்து வருகிற புது வயர். 87-ல் ஹெட்லைட்டுக்குப் போகிற வயர். பேட்டரியிலிருந்து முன்பக்கம் வரை 4 சதுர மில்லிமீட்டர் வயர், அங்கிருந்து விளக்குகளுக்கு 2.5. பேட்டரியை விட்டு வயர் கிளம்புகிற இடத்திலேயே 20 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். வழியில் எங்காவது வயர் சேஸிஸில் உரசினால், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் தீப்பிடிக்காமல் காப்பாற்றும். ரிலேயிலிருந்து ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி 7.5 ஆம்பியர் ஃபியூஸ், மொத்தம் நாலு. இது நான் பிடிவாதமாகப் போட்டது. ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் இன்னொரு பக்கம் எரிய வேண்டும். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் போவது எப்படியிருக்கும் என்று பார்த்தவன் நான்.

ஜாயின்டுகளை நான் சால்டர் வைக்கப் போனேன். அண்ணாச்சி தடுத்தார். சால்டர் ஏறின இடத்தில் வயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். லாரி அதிர்கிற அதிர்ச்சியில் அந்த விறைப்பு முடிகிற ஓரத்தில் ஒடிந்துவிடும். அதனால் சரியான சைஸ் லக் போட்டு, அதற்கென்று உள்ள பிளேயரால் நசுக்கி, மேலே சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டோம். நசுக்கிய ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தோம். இரண்டு கையோடு வந்தது. திரும்பச் செய்தோம்.

இதெல்லாம் ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. மாமா, ‘போதும்லா’ என்றார். நான், “இன்னும் பாதி இருக்கு மாமா” என்றேன்.

பின்பக்கத்துக்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று. அங்கே ஒரு பேய் குடியிருந்தது. பிரேக் மிதித்தால் இடது டெயில் லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். கிளீனர் பையன் அதற்கு எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னான். பேயின் பெயர் எர்த். பழைய விளக்குகளுக்குத் தனி எர்த் வயர் கிடையாது. விளக்கைப் பிடித்திருக்கிற போல்ட்டு, அதைப் பிடித்திருக்கிற பட்டை, அதைப் பிடித்திருக்கிற துரு, இப்படித்தான் கரண்ட் சேஸிஸுக்குத் திரும்ப வேண்டும். பாடியோ மரப்பலகை. வாழைத்தார் ஈரமும் சகதியும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிட்டது. திரும்ப வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து இழை வழியாகப் புகுந்து வேறு விளக்கின் எர்த்தைத் தேடிக்கொண்டு போகிறது. 21/5 வாட் பல்பில் இரண்டு இழை ஒரே கூட்டுக்குள் இருப்பதால் இந்தக் கூத்து.

மருந்து எளிது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர். அவற்றைச் சேஸிஸில் ஒரே இடத்தில், பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டிப் பளபளப்பாக்கி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். பின்பக்கத்துக்குப் போகிற வயர் எல்லாவற்றையும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சைலன்ஸருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கும் தள்ளி, ஒரு அடிக்கு ஒரு கிளிப் போட்டுக் கட்டினோம். முன்பு அது நைலான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளீனர் பையனுக்கு ஹெட்லைட்டிலேயே எல்.இ.டி. பல்பு போட வேண்டும் என்று ஆசை. செல்போனில் படம் காட்டினான். நான் வேண்டாம் என்றேன். ஹாலோஜன் விளக்கின் கிண்ணம், இழை இருக்கிற அந்த ஒரு புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது. அதற்குள் கிடைத்த எல்.இ.டி.யைச் சொருகினால், வெளிச்சம் அந்தப் புள்ளியிலிருந்து வராமல் சிதறி எதிரே வருகிறவன் கண்ணில் போய் அடிக்கும். என் 100 வாட் புத்தியின் மறுபிறவி அது. ஆனால் டெயில் லைட்டுக்கு, விளக்கு முழுவதுமே எல்.இ.டி.யாகச் செய்து தண்ணீர் புகாமல் மூடின 24 வோல்ட் செட் கிடைக்கிறது. இழை இல்லாததால் அதிர்ச்சியில் அறுந்து போகாது. அதைப் போட்டோம். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை விளக்கும் போட்டோம். மறந்துபோன விளக்கு அது.

கடைசியில் பின்பலகை அகலத்துக்குச் சிவப்பு பிரதிபலிப்பு ஸ்டிக்கர், பக்கவாட்டில் மஞ்சள். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 104-ஆம் விதி இந்தப் பிரதிபலிப்பான்களைப் பற்றியது, 105-ஆம் விதி விளக்குகளைப் பற்றியது. பரீட்சைக்குப் படித்த நம்பர்கள்தான். அந்த ராத்திரி பேட்டரி செத்து, ஃபியூஸ் செத்து, எல்லாமே செத்திருந்தாலும், இந்த ஸ்டிக்கர் பைக்காரரின் சொந்த வெளிச்சத்தை அவருக்கே திருப்பிக் காட்டியிருக்கும். அதற்குக் கரண்ட் வேண்டாம், வயர் வேண்டாம், என் டிப்ளமாவும் வேண்டாம். மொத்த வேலையிலும் செலவு குறைவான சாமான் அதுதான்.

நாலாம் நாள் சாயங்காலம் நெகட்டிவை மாட்டினோம். அதே 75/70 வாட் பல்புதான். பேட்டரியில் 27.5. பல்பில் 26.8. இழப்பு 0.7 வோல்ட். பப்பாளி நிறம் போய் வெள்ளை வந்துவிட்டது. வண்டியைப் பக்கத்து ரைஸ்மில் சுவருக்கு முன்னால் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கு உயரத்துக்கு பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகி வைத்தோம். அடுத்த லோடு ஏறினதும் மறுபடி ஒரு தடவை பார்த்தோம். லோடு ஏறினால் வண்டியின் பின்பக்கம் இறங்கும், முன்பக்க வெளிச்சம் மேலே தூக்கும். வெறும் வண்டியில் சரியாக இருந்த டிம், லோடு வண்டியில் எதிராளியின் கண்ணுக்குப் போய்விடும். டெயில் லைட்டும் சேர்த்து மொத்தச் செலவு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. அன்றைக்கு ஒரு நாள் தார் விலையில் விட்டது அதைவிட அதிகம்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு மாமா, ‘வாடே’ என்று கூப்பிட்டார். பத்தமடை ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் பின்பக்கமாக நடந்தோம். நூறு எட்டு, இருநூறு எட்டு. மாமா திரும்பி நின்று பார்த்தார். இரண்டு சிவப்புப் புள்ளி. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டுகிறவர், தன் வண்டியை ராத்திரியில் பின்னாலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாம்.

“பின்னால வாரவனுக்கு நாம இவ்வளவுதானா?” என்றார்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். “அண்ணே, நாந்தான், புளியரையில அன்னைக்கு லாரி... ஆமா. பாப்பா நல்லாருக்காளா? ஒண்ணுமில்ல, லைட்டு போட்டாச்சு, அதச் சொல்லத்தான்.” அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா, ‘சரிண்ணே, சரிண்ணே’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

நண்பர்களே, நாம் எல்லோரும் இன்னும் கொஞ்ச நாளில் பட்டறைக்கோ, கம்பெனிக்கோ போகப் போகிறவர்கள். ஹெட்லைட் சரியில்லை என்றால் வண்டிக்காரரே தேடி வந்து சொல்லுவார், அது அவருடைய கண். டெயில் லைட் எரியவில்லை என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள். அதன் தேவை யாருக்கோ, அவர் இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவருக்காகவும் நாம்தான் பார்க்க வேண்டும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு வண்டி எதுவானாலும் சரி, டிராக்டரோ, ஆட்டோவோ, அப்பாவின் மொபெட்டோ, இருட்டின பிறகு விளக்கைப் போட்டுவிட்டு நூறு எட்டு பின்னால் நடந்து போய் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

— இறுதி ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு